மீன் குழம்பு பழக ஞாயிற்றுக்கிழமை சரிப்படாது

ஆர்.கே.பேட்டையில் கல்லூரிக்குப் போகிற ஒரு பையனிடம் "மீன் வாங்கத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியும் என்பான். செவுளைத் தூக்கிப் பார்ப்பான், விலை பேசுவான், வெட்டி வாங்கிக்கொண்டு வருவான். "சமைக்கத் தெரியுமா?" என்றால் சிரிப்பான். இதே இரண்டு கேள்விகளை அவன் அம்மாவிடம் கேட்டால் பதில் அப்படியே தலைகீழாக வரும். குழம்பைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பார். ஆனால் மீன் கடைக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். ஆண்கள் வாங்கி வருவது, பெண்கள் கழுவிச் சமைப்பது என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

ஊரில் இருக்கும் வரை இதில் ஒரு நஷ்டமும் தெரியாது. படிப்பு முடிந்து, திருத்தணியில் மின்சார ரயில் ஏறி, சென்னையில் வேலை பார்த்து, நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்த பிறகுதான் தெரியும். பையனுக்கு நல்ல மீன் எது என்று தெரியும், வாங்கிய பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாது. வெளியூரில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குழம்பு வைக்கத் தெரியும், ஐஸில் கிடப்பது இன்று வந்ததா, மூன்று நாளாகக் கிடக்கிறதா என்று தெரியாது. கடைசியில் இரண்டு பேரும் புரோட்டா பார்சலுக்குத்தான் போன் போடுகிறார்கள்.

மீன் சமைப்பது பெரிய வித்தை, அதற்குக் கைப்பக்குவம் வேண்டும், அனுபவம் வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மை என்னவென்றால் அசைவத்தில் மீனைவிடச் சுலபமானது எதுவும் இல்லை. ஆட்டுக்கறிக்குக் குக்கர் வேண்டும், விசில் எண்ண வேண்டும். மீனின் தசையில் கடினமான இணைப்புத் திசு மிகக் குறைவு. 60 டிகிரி வெப்பத்திலேயே அது வெந்துவிடும். கொதிக்கிற குழம்பில் எட்டு நிமிஷம் போதும். இவ்வளவு சுலபமான ஒன்றை ஏன் இளைஞர்கள் பழகுவதில்லை? பழகுவதற்குத் தவறான நாளையும் தவறான மீனையும் எடுத்துக்கொள்வதால்தான்.

முதலில் நாள்.

ஆர்.கே.பேட்டை வீடுகளில் மீன் எல்லா நாளும் வருகிற சங்கதி அல்ல. பக்கத்தில் திருத்தணி முருகன். செவ்வாய் கிடையாது, கிருத்திகை கிடையாது. வெள்ளி கிடையாது. பெருமாளைக் கும்பிடுகிற வீட்டில் சனி கிடையாது, புரட்டாசி மாதம் முழுக்கக் கிடையாது. அமாவாசை கிடையாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்கள் வீட்டில் அதற்கு முன்பே விரதம். கார்த்திகை மாதம் வந்தால் சோளிங்கர் நரசிம்மர் மலைக்குப் போகிற ஞாயிறுகளும் போய்விடும். கழித்துப் பார்த்தால் மீன் என்பது பாதி ஞாயிறுகளின் மதியச் சாப்பாடு, அவ்வளவுதான்.

அந்த ஒரு நாளில் வீடே குழம்புக்காகக் காத்திருக்கும். விருந்தாளி வந்திருப்பார்கள். முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று காசு போட்டு வாங்கியிருப்பார்கள். அப்போது போய் "இன்னைக்கு நான் வைக்கட்டுமா?" என்று ஒரு பையனோ பெண்ணோ கேட்டால் அம்மா என்ன சொல்வார்? "தள்ளிப் போ, கெடுத்துடாதே." அதில் தப்பே இல்லை. கெட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாத ஒரு சமையலைப் புது ஆளிடம் யார் கொடுப்பார்கள்? பரீட்சை அன்றைக்கே பாடம் நடத்தச் சொல்வது மாதிரிதான் அது.

அதனால் பழகுகிறவர் புதன்கிழமை ராத்திரியை எடுத்துக்கொள்வது நல்லது. புதனில் பெரும்பாலான வீடுகளுக்குத் தடை இல்லை. யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ரசமும் அப்பளமும் ஏற்கெனவே இருக்கும், மீன் சொதப்பினாலும் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. அரை கிலோ போதும். ஞாயிறு அளவுக்குக் கடையில் கூட்டம் இருக்காது என்பதால் விற்கிறவருக்கும் பேச நேரம் இருக்கும். "இது எந்த மீன், எப்படி வெட்டணும், வறுக்க நல்லா இருக்குமா குழம்புக்கா?" என்று கேட்டால் சொல்லிக் கொடுப்பார். ஞாயிறு காலையில் கேட்டால் அடுத்த ஆளைப் பார்ப்பார்.

காலையில்தான் மீன் கிடைக்கிறது என்றால் வாங்கியவுடன் சுத்தம் செய்து, மஞ்சள்தூளும் உப்பும் தடவி, மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜின் குளிர்ந்த தட்டில் வைத்துவிடலாம். ராத்திரி வரை ஒன்றும் ஆகாது. வெளியே வைப்பதுதான் ஆபத்து. முக்கியமாக கானாங்கத்தை, சூரை போன்ற மீன்களை வெயிலில் வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. "நல்லா கொதிச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்ற நம்பிக்கை இந்த விஷயத்தில் செல்லாது.

அடுத்தது எந்த மீன்.

புதிதாகச் சமைக்கிறவர்கள் பலர் நேராக வஞ்சிரத்துக்குப் போகிறார்கள். முள் குறைவு, பார்க்க அழகு, ஓட்டலில் சாப்பிட்ட ஞாபகம். ஆனால் முதல் தடவை கருகினால் போகிற பணத்தை நினைத்தால் இரண்டாவது தடவை அடுப்புப் பக்கமே வரமாட்டார்கள். பழகுகிற காலத்தில் விலை குறைந்த மீன்தான் நல்ல வாத்தியார்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். பிராசஸ் காஸ்டிங்கில் நார்மல் லாஸ் என்று வருமே, அதுதான் மீன் சுத்தம் செய்வது. தலை, செதில், குடல், செவுள் போக மிஞ்சுவதுதான் கணக்கு. உதாரணத்துக்கு ஒரு மீன் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்ததும் 600 கிராம்தான் மிஞ்சுகிறது என்றால் சாப்பிடுகிற மீனின் விலை கிலோ 333 ரூபாய். சும்மா பார்த்தால் மலிவாகத் தெரிந்தது அவ்வளவு மலிவில்லை. ஆனாலும் துண்டு போட்டு 1,000 ரூபாய்க்கு விற்கிற மீனோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் தவாவில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து போவது அப்நார்மல் லாஸ். அது ஆரம்பத்தில் கண்டிப்பாக வரும். 333 ரூபாய் மீனில் வருவது நல்லதா, 1,000 ரூபாய் மீனில் வருவது நல்லதா என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம் :-)

ஆர்.கே.பேட்டைக்குக் கடல் இல்லையே, அங்கே என்ன மீன் கிடைத்துவிடப் போகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால் திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது. மாவட்டத்தின் கிழக்கு ஓரம் பழவேற்காடு, மேற்கு ஓரம் ஆர்.கே.பேட்டையும் பள்ளிப்பட்டும். ஒரே மாவட்டம்தான், ஆனால் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும். ஐஸ் இல்லாத காலத்தில் கடல் மீன் இவ்வளவு தூரம் தாங்காது. அந்தக் காலத்து உள்ளூர் மனிதர்களுக்குக் கடல் என்றால் கருவாடுதான். இப்போது ஐஸ் பெட்டியில் கடல் மீன் வருகிறது. ஆனாலும் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2001ல் இந்தத் தடை வந்தபோது 45 நாள், 2017 முதல் 61 நாள். அந்த மாதங்களில் கடல் மீன் விலை ஏறும், வெகு தூரத்திலிருந்து வந்த பழைய மீனும் கடைக்கு வரும். பழகுவதற்கு அது நல்ல நேரம் இல்லை.

ஏரி மீனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மாவட்டத்துக்குள்ளேயே பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது, 1944ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டியது. சுற்று வட்டார ஏரிகள் நிறைந்த வருஷம் கெண்டை, ஜிலேபி, விரால் எல்லாம் கிடைக்கும். ஆந்திராவில் கிருஷ்ணா, கோதாவரி மாவட்டக் குளங்களில் வளர்கிற கட்லாவும் ரோகுவும் ஐஸ் லாரியில் நாடு முழுக்கப் போகின்றன. "ஏரி மீனா? சேத்து வாடை அடிக்குமே" என்று முகம் சுளிக்கிறவர்கள் வங்காளத்துக் கல்யாண வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கே சீர் வரிசையில் ரோகு மீனைப் பெண் மாதிரி அலங்கரித்து அனுப்புகிறார்கள்.

சேற்று வாடை இருக்கிறது என்பது உண்மைதான். ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது அது. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமும் அதுவே. புளி, எலுமிச்சை போன்ற புளிப்பு பட்டால் சிதைந்துவிடும். கடல் மீனின் கவிச்சிக்குக் காரணம் வேறு ஒரு பொருள், அதையும் புளிப்பு அடக்கும். கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித் தண்ணீரில் ஒரு தடவை அலசுகிற பாட்டிகள் வேதியியல் படித்ததில்லை, ஆனால் செய்தது அதுதான். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலையும் மறக்காமல் உரித்துவிட வேண்டும். பாதி வாடை அதில்தான் இருக்கும்.

இனி சமையல். மூன்று சாப்பாடு தெரிந்தால் பேச்சிலர் வாழ்க்கைக்குத் தாராளம்.

ஒன்று, கட்லா குழம்பு. நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, இரண்டு தக்காளி வதக்கி, வீட்டில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் மூன்று ஸ்பூன் போட்டு, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி உப்புப் போட வேண்டும். பதினைந்து நிமிஷம் கொதித்து, பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரமாகப் பிரிந்த பிறகுதான் மீன். புது ஆட்கள் செய்கிற பெரிய தப்பு மீனை முதலிலேயே போட்டுவிட்டு மசாலா வேகக் காத்திருப்பது. குழம்பு ரெடியாவதற்குள் மீன் கரைந்திருக்கும். மீன் போட்ட பிறகு தீயைக் குறைத்து எட்டு நிமிஷம். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து மெல்லச் சுற்றினால் போதும்.

இதில் தேங்காய் அரைத்து ஊற்ற வேண்டுமா, கூடாதா என்று சண்டை வரும். வரட்டும். திருத்தணிப் பக்கம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. இன்றும் ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்கும் கேட்கும். ஒரு வீட்டில் மீன் குழம்பு, இன்னொரு வீட்டில் சேப்பல புலுசு. நெல்லூர்க்காரர்கள் புலுசில் மாங்காய் போடுகிறார்கள். எல்லை ஓரத்துச் சமையலில் "இதுதான் சரியான முறை" என்று ஒன்று கிடையாது. முதல் தடவை வைக்கிறவருக்கு இது பெரிய நிம்மதி.

இரண்டு, வறுவல். மத்தியோ சங்கராவோ எடுத்துக்கொள்ளலாம். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. மீனில் தண்ணீர் இருக்கக் கூடாது, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மசாலா தடவ வேண்டும். எண்ணெய் தெறிப்பதற்கும் மீன் ஒட்டுவதற்கும் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விட்டு மீனை வைத்தால் மூன்று, நாலு நிமிஷத்துக்குத் தொடவே கூடாது. அடிப்பக்கம் முறுகியதும் மீன் தானாகக் கல்லை விட்டு வரும். அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் கல்லில், சதை கரண்டியில். மத்தியில் முள் அதிகம் என்பது நிஜம். நடு முள்ளைப் பிடித்து இழுத்தால் முக்கால்வாசி கூடவே வந்துவிடும்.

மூன்று, இறால் தொக்கு. உரித்து, முதுகில் கத்தியால் கீறி, கறுப்பு நரம்பை எடுக்க வேண்டும். வெங்காயம் தக்காளி தொக்கை முழுதாக வதக்கி முடித்த பிறகு இறாலைப் போட்டால் நாலு, ஐந்து நிமிஷம். பிறை நிலா மாதிரி வளைந்தால் வெந்துவிட்டது. மோதிரம் மாதிரி முழுதாகச் சுருண்டால் ரப்பர்.

எதிர்ப் பேச்சுகளும் உண்டு. முதலாவது, மீனில் ஃபார்மலின் கலக்கிறார்களே என்பது. பயம் காரணமில்லாதது அல்ல. 2018ல் கேரள அரசு 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று சோதனை நடத்தி, எல்லைச் சோதனைச் சாவடிகளில் டன் கணக்கில் மீனைப் பிடித்தது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினைச் சில நிமிஷங்களில் கண்டுபிடிக்கும் சோதனைத் தாளைக்கூட உருவாக்கியது. ஆனால் இதற்குப் பதில் மீனை விடுவதல்ல, மீனைத் தெரிந்துகொள்வது. செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக, கொஞ்சம் மேடாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்புகிறதா, வாசனை எப்படி? பல நாள் மீன் கவிச்சியே இல்லாமல் விறைத்துக் கிடந்தால் சந்தேகப்பட வேண்டும். இதெல்லாம் படித்து வருவதில்லை. பத்து தடவை கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்தால் வரும். வெட்டி, மசாலா தடவி, ஆப்பில் வருவதை மட்டும் வாங்கினால் கடைசி வரை வராது.

இரண்டாவது பேச்சு கொஞ்சம் கசப்பானது. "ஆம்பளப் பையன் உட்கார்ந்து மீன் ஆயறானா?" என்பார்கள். ஆர்.கே.பேட்டையில் இதைச் சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். இது விசைத்தறி ஊர். தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. பல வீடுகளில் பெண்கள் வாரம் முழுக்கத் தார் சுற்றுகிறார்கள், தறி ஓட்டுகிறார்கள், அதற்கு நடுவே சமைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் தறி ஓய்வு. அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு ஒரு கிலோ மீனைக் கொண்டு வந்து முற்றத்தில் வைத்துவிட்டு, வாங்கி வந்தவர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். ஆய்வது, கழுவுவது, அரைப்பது, கொதிக்க வைப்பது, வறுப்பது, பரிமாறுவது, கடைசியில் சட்டியின் வாடை போகத் தேய்ப்பது எல்லாம் முடியும்போது மணி மூன்று. வீட்டுக்கே விடுமுறையாக இருக்கும் நாள் அவருக்கு மட்டும் கூடுதல் ஷிப்ட். ருசியாக இருந்தது என்று சொல்வதால் அந்தக் கணக்கு நேராகாது.

அதனால்தான் இது பேச்சிலர் ரூம் சமையல் விஷயம் மட்டும் இல்லை. புதன்கிழமை ராத்திரி அரை கிலோ ஏரி மீனில் நாலைந்து தடவை பழகிய பையன் ஒரு ஞாயிறு அடுப்பை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். ஆய்வதிலிருந்து சட்டி தேய்ப்பது வரை. நடுவில் அம்மாவைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்லலாம், அதற்கு மேல் வேலை வைக்கக் கூடாது. அன்றைக்குக் காலையில் மீன் கடைக்கு அம்மாவோ தங்கையோ போகட்டும். செவுளைத் தூக்கிப் பார்க்க, விலை பேச, "இது பழசு, வேற காட்டுங்க" என்று சொல்ல அவர்களும் பழகட்டும்.

குழம்பில் அன்றைக்குப் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பரவாயில்லை, மீன் குழம்பு மறுநாள் சரியாகிவிடும்.